மூடி விழுங்கிய காது

பாட்டில் அக்காவுக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீடு திரும்பியதும் கொஞ்ச நேரம் காதுக்குள் வண்டு ரீங்கரிக்கும். சாப்பிட்டுப் படுத்தால் போய்விடும். பிறகு அந்த வண்டு காலையிலும் இருந்தது. அப்புறம் வண்டு மட்டும்தான் இருந்தது.

அவள் வேலை விளக்குப் பலகைக்கு முன்னால். உலையிலிருந்து வந்து ஆறிய பாட்டில்கள் ஓடும் பட்டைமேல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும். பின்னாலிருந்து வெள்ளை வெளிச்சம் அடிக்கும். கழுத்தில் மயிரிழை விரிசலோ, அடியில் குமிழியோ, தோளில் மடிப்போ தென்பட்டால் அந்தப் பாட்டிலை விரலால் சுண்டி ஓரத்துத் தொட்டியில் தள்ள வேண்டும். ஆயிரம் தகரப் பாத்திரங்களைப் படியில் உருட்டிவிட்டது போன்ற அந்தச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. எல்லோரும் கைஜாடையிலும் உதட்டசைவிலுமே பேசிக்கொள்வார்கள். வம்பு தும்பு, சம்பந்தம் பேசுவது, மேஸ்திரியைத் திட்டுவது எல்லாமே அப்படித்தான். அதனால் அந்தக் கூடத்துக்குள் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கம்பெனி காதடைப்பான் கொடுக்க ஆரம்பித்தபோது, அடைப்பதற்கு அவளிடம் அதிகம் மிச்சமில்லை.

வெளியே வந்தால்தான் தொல்லை. கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவார். பக்கத்து வீட்டம்மா வாயில் ஊக்கைக் கவ்விக்கொண்டே துணி காயப்போட்டுப் பேசுவாள். "என்ன?" என்று ஒரு தடவை கேட்கலாம், இரண்டாவது தடவையும் கேட்கலாம். மூன்றாவது தடவை எதிராளியின் முகத்தில் வருகிற சலிப்பைப் பாட்டில் அக்காவின் கண் உடனே பிடித்துவிடும். விரிசல் பார்த்தே பழகிய கண் அது. ஆகவே அவள் சிரித்துத் தலையாட்டக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் பக்கத்து வீட்டம்மா தன் அப்பா இறந்துபோன செய்தியைச் சொல்ல, இவள் வாயெல்லாம் பல்லாக, "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு புருஷன் இல்லாமல் நாலு பேர் இருக்கும் இடத்துக்கு அவள் போவதில்லை.

புருஷனைத் தெருவில் டிக்கெட்காரர் என்பார்கள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவர். எதிரே நிற்பவர் குடும்பக் கதை முழுவதையும் கொட்டினாலும் 'இருக்கு', 'இல்ல', 'அடுத்த ஆள்' என்ற இந்த மூன்றை வைத்தே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அதே கணக்குதான். யாராவது கால்மணி நேரம் பேசி, கூடியிருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பாட்டில் அக்கா அவர் முழங்கையைத் தொட்டு, "என்னவாம்?" என்பாள்.

"ஒண்ணுமில்ல. ஏதோ ஜோக்."

மகளிடம் போனில் அவர் காதை வைத்து உம் கொட்டிக்கொண்டே இருப்பார். வைத்ததும் சொல்வார்: "நல்லா இருக்காளாம்."

நல்ல மனுஷர்தான். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து பால் காய்ச்சி, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் துடைத்து வைப்பார். பஸ் வரும்வரை கூடவே நிற்பார். ஆனால் உலகம் அவர் வழியாக வரும்போது எலும்பும் தோலுமாகத்தான் வந்து சேரும்.

மூடி வந்து சேர்ந்தது அவர் ஓய்வு பெற்ற பிறகு. தொழிற்சாலைச் சுற்றுச்சுவரில் மழைநீர் போகும் ஓட்டையில் தலையை விட்டு, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் ஒரு செம்பட்டை நாய்க்குட்டி மாட்டிக்கொண்டிருந்தது. பாட்டிலுக்கு மூடி போட்ட மாதிரி அந்த ஓட்டையில் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. மூன்று பேர் சேர்ந்து சோப்புத் தண்ணீர் ஊற்றி உருவினார்கள். பாட்டில் அக்கா அதைத் துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு வந்தாள். பேர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

மூடிக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரும் இல்லை. வாசலில் மணி அடித்தால் ஓடிவந்து அக்காவின் கணுக்காலை மூக்கால் இடிக்கும். குக்கர் சத்தம் போட்டால் அடுப்படிக்கும் அவளுக்குமாக நாலு நடை நடக்கும். "எனக்கு ஓய்வு குடுக்கத்தான் இது வந்திருக்கு" என்பார் டிக்கெட்காரர்.

ஆனால் அதன் வாய்தான் அதற்கு எமன். பாத்திரம் தேய்க்கும் பஞ்சு, ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டும் ரப்பர் பொத்தான், பென்சில் துண்டு, டிக்கெட்காரரின் கைக்குட்டை என்று கைக்கு எட்டியதெல்லாம் அதன் வாய்க்கும் எட்டியது. மென்று பார்ப்போம், பிடிக்காவிட்டால் துப்புவோம் என்ற நிதானமெல்லாம் கிடையாது. நாம் பார்த்துவிட்டோம் என்று தெரிந்தால் போதும், ஒரே முழுங்கு. உள்ளே போனது பின்வழியாக வந்து சேரும்வரை டிக்கெட்காரர் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு காலையும் மாலையும் அதன் பின்னாலேயே அலைவார். எதிரே வருகிறவர்கள், "என்ன சார், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டால், "ஆமா" என்பார். கிடைத்துவிட்டால், ஜன்னலில் நிற்கும் மனைவியைப் பார்த்துத் தூரத்திலிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். இப்படியே பழகிப்போனதில் இருவருக்கும் பயம் விட்டுப்போயிருந்தது.

காது மெஷினை வாங்கிக் கொடுத்தது மகள். லீவில் வந்திருந்தபோது அம்மாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகாத குறையாகக் கடைக்குக் கூட்டிப்போனாள். இரண்டு காதுக்கும் இரண்டு, பட்டாணி அளவில், உள்ளே சட்டைப் பொத்தான் போல ஒரு பேட்டரி. மகள் ஊருக்குப் போனாள், மெஷின் டப்பாவுக்குள் போனது. போட்டுக்கொண்டால் தட்டுமேல் கரண்டி விழுவது மண்டையில் சுத்தியால் அடித்தது போலக் கேட்டது. குழாய்த் தண்ணீர் காட்டாறாக ஓடியது. மனிதர்கள் பேசுவது மட்டும் முன்னைப் போலவே தூரத்தில்தான் இருந்தது. மகள் வீடியோவில் கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, தலைமுடியை ஒதுக்கிக் காதைக் காட்டுவாள் பாட்டில் அக்கா. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் காட்டுவது மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் காட்டினாள். பேச்சு முடிந்ததும் கழற்றி சோபாவின் கைப்பிடியில் வைத்துவிட்டு, துணி மடிக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு மெஷின் தரையில் நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் தோல் நிறத்தில் பிளாஸ்டிக் சில்லுகள். இன்னொன்றில் மிஞ்சியது அவ்வளவுதான். மூடி சோபாவுக்கு அடியில் உட்கார்ந்து, உலகத்தில் எதுவுமே நடக்காத முகத்தோடு நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டிருந்தது.

பாட்டில் அக்கா மண்டி போட்டுச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தாள். ஒயர் இருந்தது, ஒலி வருகிற சின்னக் குழாய் இருந்தது. நசுங்கிக் கிடந்ததன் பேட்டரி அதிலேயே இருந்தது. மற்றதன் பேட்டரி மட்டும் இல்லை. சோபாவை நகர்த்திப் பார்த்தாள். மிதியடியை உதறிப் பார்த்தாள். அப்புறம் மூடியின் தாடையைப் பிடித்துத் திறந்து, விரலை விட்டுத் தேடினாள். எச்சிலைத் தவிர எதுவுமில்லை.

"என்னங்க! பேட்டரிய முழுங்கிடுச்சு!"

டிக்கெட்காரர் செய்தித்தாளை மடித்தபடி வந்தார். "வந்துடும். குச்சிய எடுத்துக்கறேன்."

"இது பஞ்சு இல்லீங்க. பேட்டரி. அந்தக் கடைப் பொண்ணு, குழந்தைங்க கையில சிக்கிடக் கூடாதுன்னு டப்பாவுல படம் காட்டுச்சே, அது!"

அவர் மகளை வீடியோவில் கூப்பிட்டார். போனில் மகளின் வாய் எவ்வளவு பெரிதாகத் திறந்தது என்று பாட்டில் அக்கா பார்த்தாள். உப்புத்தண்ணியைக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா என்று இவர் கேட்க, மகள் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள். எதற்கும் ஆஸ்பத்திரியிலேயே கேட்டுவிடலாம் என்று கால்நடை ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டார். "வாந்தி எடுக்க வைக்கக் கூடாதாம். உடனே தூக்கிட்டு வரணுமாம்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். அவர் இடது காலில் வலது செருப்பை மாட்டுவதைப் பார்த்ததும் அவள் மூடியை வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரி, ஒரு மளிகைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே இருந்த இரண்டு மாடிக் கட்டிடம். கீழே காத்திருக்கும் அறை. சுவரோரம் இரும்பு நாற்காலிகள், மூலையில் எடை பார்க்கும் மேடை, எல்லாவற்றுக்கும் மேல் பினாயில் வாடை. மூடியை உடனே உள்ளே எடுத்துப் போனார்கள். படம் எடுத்தார்கள். டாக்டர் இளவயதுப் பெண். தலையில் பச்சைத் துணி, முகத்தில் மூக்கிலிருந்து தாடைவரை மாஸ்க். வெளிச்சத் திரையில் படத்தை மாட்டியதும், அவர் விரல் போவதற்கு முன்பே பாட்டில் அக்காவின் கண் அதில் போய் நின்றது. விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு வெள்ளை வட்டம், அதன் விளிம்பை ஒட்டி இன்னொரு மெல்லிய வளையம். திரைக்குப் பின்னால் வெளிச்சம், முன்னால் ஒரு கோளாறு. பழகிய காட்சிதான். ஆனால் இதை விரலால் சுண்டித் தள்ள முடியாது.

டாக்டர் பேச ஆரம்பித்தார். மாஸ்க் உப்பி உப்பி அடங்குவது தெரிந்தது, வார்த்தை ஒன்றும் வரவில்லை. டாக்டர் தன் தொண்டையைத் தொட்டார். விரலை நெஞ்சுவரை இறக்கினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சின்னதாக ஒரு ஓட்டை காட்டினார். பிறகு இரண்டு கையையும் விரித்தார். பேசிக்கொண்டே இருந்தார். டிக்கெட்காரர் தலையை ஆட்டவில்லை, உம் கொட்டவில்லை.

"என்னங்க சொல்றாங்க?"

"எடுத்துடலாமாம். பயப்பட ஒண்ணுமில்லையாம்."

பாட்டில் அக்கா அவரையே பார்த்தாள். அவர் படத்தைப் பார்த்தார்.

"அந்தம்மா இவ்வளவு நேரம் பேசினாங்க. நீங்க ரெண்டு வார்த்தை சொல்றீங்க."

"அவ்வளவுதான் விஷயம். நீ போய் உக்காரு. நான் பாத்துக்கறேன்."

எத்தனையோ வருஷமாக இப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறாள். அன்று கால் நகரவில்லை. தன் ஊமைத் தலையாட்டலை நினைத்து அவளுக்கே எரிச்சல் வந்தது. மேஜையைச் சுற்றிக்கொண்டு டாக்டருக்கு நேர் எதிரே போய் நின்றாள். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. வெளியே காத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

"டாக்டர், எனக்குக் காது கேக்காது. வாயப் பாத்தாதான் புரியும். அந்த மாஸ்கக் கழட்டிட்டு எங்கிட்ட சொல்லுங்க. இவர்கிட்ட சொன்னா பாதிதான் வந்து சேரும்."

எனக்குக் காது கேட்காது என்ற அந்தச் சொற்களை அதற்கு முன் வெளியாட்கள் யாரிடமும் அவள் சொன்னதில்லை.

டாக்டர் ஓரடி பின்னால் போய் மாஸ்கைக் கழற்றினார். மேலுதட்டில் வியர்த்திருந்தது. அவசரப்படாமல், வாயை நன்றாகத் திறந்து பேசினார்.

"பேட்டரி வயித்துக்குப் போகலைம்மா. போற வழியில, உணவுக்குழாய்ல மாட்டிக்கிச்சு. அங்கேயே நின்னா குழாயைச் சுட்டுப் புண்ணாக்கும். ஓட்டைகூடப் போட்டுடும். ஓட்டை விழுந்தா ரொம்பக் கஷ்டம், அந்த இடத்துல தையல் லேசுல சேராது. இப்ப மயக்க மருந்து குடுத்து, வாய் வழியா கேமரா வச்ச குழாய விட்டு எடுக்கப் பாக்குறோம். வந்துட்டா நல்லது. வரலைன்னா நெஞ்சைத் திறக்கணும்."

"பொழச்சுக்குமா?"

"பொழைக்க வாய்ப்பு இருக்கு. சத்தியம் பண்ண முடியாது. சீக்கிரம் வந்தது நல்லதாப் போச்சு."

"மயக்க மருந்து தாங்குமா? அதுக்கு எட்டு வயசாகுது."

"இதயத் துடிப்பு நல்லா இருக்கு. தாங்கும்னுதான் நினைக்கிறேன்."

"சரி. செய்யுங்க."

கெட்ட செய்திதான். ஆனாலும் முழுசாக வந்த செய்தி. அதைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்து உட்கார்ந்தாள். டிக்கெட்காரர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

எதிரே ஒரு டாக்ஸி டிரைவர், கன்றுக்குட்டி மாதிரி ஒரு மஞ்சள் நாயைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் ஏதோ கேட்டார். பாட்டில் அக்கா காதைத் தொட்டுக் கையை விரித்தாள். ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் சுலபமாகத்தான் இருக்கிறது. டிரைவர் அசந்துவிடவில்லை. நாயைக் காட்டினார். தன் காலிலிருந்து சாக்ஸை உருவுவது போலக் காட்டினார், அதை நாய் வாயில் போட்டுக்கொள்வது போல, கழுத்தை நீட்டி ஒரு பெரிய விழுங்கு விழுங்கினார். மூன்று விரலைக் காட்டினார். மூன்றாவது சாக்ஸ். பிறகு தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினார். வெறுங்கால். வீட்டில் பெண்டாட்டி, பிள்ளை எல்லோரும் இப்படித்தான் என்று உயரம் வாரியாகக் கையால் அளந்து காட்டி, எல்லோர் காலையும் வெறுங்காலாக்கிவிட்டார். நாய் மட்டும் நான்கு காலும் வெள்ளையாக, சாக்ஸ் போட்ட மாதிரியே நின்றது. அந்த நிலையிலும் பாட்டில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொங்கி வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. டிரைவர் பதறிப்போய் நாயின் தலையைத் தடவிக் கொடுக்க ஆரம்பித்தார்.

அவரை உள்ளே கூப்பிட்ட பிறகு அறையில் இவர்கள் இருவரும்தான்.

"எதுக்குங்க மறைச்சீங்க?" என்றாள்.

டிக்கெட்காரர் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். "மறைக்கல. நீ பயந்துடுவேன்னு."

"என் நாய் சாகுமா பொழைக்குமான்னு எனக்குத் தெரிய வேணாமா? இதுக்கு மட்டும் இல்ல, எல்லாத்துக்கும் இதே கதைதான். ஊரே சிரிக்கும், நீங்க ஒண்ணுமில்லம்பீங்க. பொண்ணு அரைமணி நேரம் பேசுவா, நல்லா இருக்காளாம்பீங்க. அவ என்னென்ன சொன்னா? எனக்கு என்ன தெரியும்?"

அவர் முகம் சிவந்தது. கோபம் வந்தால் வாயை இறுக மூடிக்கொள்கிற ஆள். அன்று மூடவில்லை.

"எல்லாத்தையும் திருப்பிச் சொல்ல நான் என்ன டேப் ரெக்கார்டரா? வேலையில இருந்த காலம் பூரா கண்ணாடி ஓட்டைக்கு அந்தப் பக்கம் கத்துற ஆளுங்கள கேட்டேன். வீட்டுக்கு வந்தா உனக்காக கேக்கணும். கடையில, பஸ்ல, கல்யாண வீட்டுல, எங்கேயும் எனக்குன்னு ஒரு நிமிஷம் சும்மா உக்கார முடியாது. ஒருத்தன் ஜோக் சொன்னா நான் சிரிக்கறதுக்கு முன்னாடி நீ முழங்கையத் தொடுவ. அந்த ஜோக் எனக்கே பாதிதான் புரிஞ்சிருக்கும். எனக்கும் அலுப்பு இருக்காதா? மெஷின் வாங்கியும் நீ போட மாட்டேங்கற."

அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் பார்த்ததில்லை. உதட்டை ஒரு அசைவு விடாமல் படித்தாள். அவருக்கு அலுக்கும் என்பது அவள் யோசித்தே பார்க்காத விஷயம். அவர் காதை அவள் குழாய்த் தண்ணீர் மாதிரி நினைத்துவிட்டாள். திறந்தால் வரும்.

"அலுப்பா இருந்தா அலுப்பா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள் கடைசியில்.

"சொன்னா நீ வெளிய வரதையே விட்டுடுவ."

அது உண்மைதான். அவள் ஒரு நாற்காலி நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவைப் பார்த்தபடி இருவரும் காத்திருந்தார்கள்.

டாக்டர் வெளியே வரும்போதே மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்கியது. உள்ளங்கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பி. அதற்குள் கறுத்துப்போய், ஒரு பக்கம் பொரிந்து அந்தப் பேட்டரி. டாக்டர் பாட்டில் அக்காவைப் பார்த்துப் பேசினார். "வந்துடுச்சும்மா. ஓட்டை விழல. ஆனா நல்லா சுட்டிருக்கு, வட்டமா புண்ணு. ஆறும்போது சுருங்கிடாம பாத்துக்கணும். ரெண்டு மூணு நாள் இங்கேயே இருக்கட்டும்."

பாட்டில் அக்கா திரும்பிப் பார்த்தாள். டிக்கெட்காரர் சுவரைப் பார்த்து நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

மூடி வீட்டுக்கு வந்தபோது பாதியாக இளைத்திருந்தது. கெட்டியாக எதுவும் கூடாது. கோழியை வேகவைத்து, கூழாக அரைத்து, ஆறவைத்துக் கரண்டியால் ஊட்ட வேண்டும். ஊட்டியதும் கீழே விடக்கூடாது, சாப்பாடு தானாக இறங்கும்வரை முன்னங்காலைத் தூக்கி நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும். இவள் வேலைக்குப் போகிற நாட்களில் அது டிக்கெட்காரர் பொறுப்பு. கைக்குழந்தைக்கு ஏப்பம் விடவைப்பது போலத் தோளில் சாய்த்துக்கொண்டு, டிவிக்கு முன்னால் நிற்பார். மருந்துக்கு மட்டும் அது வாயைத் திறக்காது. கண்டதையெல்லாம் விழுங்கிய வாய், நல்லது கொடுத்தால் பூட்டிக்கொண்டது. அது பல்லைக் கடித்துக்கொள்ள, கன்னத்தில் பீச்சாங்குழலை நுழைத்தால், பாதி மருந்து அவர் சட்டையில் போய்ச் சேரும்.

மூடி நடமாட ஆரம்பித்த பிறகு ஒரு சனிக்கிழமை பாட்டில் அக்கா காது மெஷின் கடைக்குப் போனாள். தனியாகப் போனாள். "நான் வரட்டா?" என்று டிக்கெட்காரர் எழுந்தபோது, "வேணாம், நீங்க சும்மா உக்காருங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வரைக்கும் என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்ததாகப் பின்னால் ஒப்புக்கொண்டார்.

கடைப் பெண் நசுங்கிய மெஷினைப் பார்த்துவிட்டு, "நாயா?" என்றாள். காதழுக்கு வாசத்துக்கு நாய்கள் ஓடிவரும், வாரத்துக்கு ஒருவராவது இப்படி வருகிறார்கள் என்றாள். புதிதாக ஒரு ஜோடியை மாட்டிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

போன தடவை இதே கேள்விக்கு டிக்கெட்காரர் முந்திக்கொண்டு, "நல்லா கேக்குதாம்" என்று சொல்லி எழுந்துவிட்டார். இந்தத் தடவை பதில் சொல்ல வேறு ஆள் இல்லை.

"நல்லாவே இல்ல" என்றாள் பாட்டில் அக்கா. "பேப்பர் மடிச்சா இடி இடிக்குது. நீ பேசறது கிணத்துக்குள்ளேருந்து வர மாதிரி இருக்கு."

"அதை அப்பவே சொல்லியிருந்தா அப்பவே சரி பண்ணியிருப்பேனே, ஆன்ட்டி" என்று அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றினாள், எதையோ இறக்கினாள். பேப்பரை மடித்துக் காட்டினாள். கரண்டியைத் தட்டில் போட்டாள். "இப்ப?" "இன்னும் கொஞ்சம் கம்மி." "இப்ப?" வெளியே வெயில் சாயும்வரை இது நடந்தது. முழுசாகச் சரியாகவில்லை. காதில் செத்துப்போனதை மெஷின் எழுப்பிவிடாது என்று அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னாள். அமைதியான இடத்தில் ஒருவர் முகம் பார்த்துப் பேசினால் முக்கால்வாசி பிடிபடும், கூட்டத்தில் பாதி. பழகப் பழகக் கொஞ்சம் கூடும்.

முக்கால்வாசியை எடுத்துக்கொண்டு பாட்டில் அக்கா வீட்டுக்கு வந்தாள். மறுநாள் மகள் கூப்பிட்டபோது போனைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். மகள் சொன்னதெல்லாம் சாதாரண விஷயம்: மேல்வீட்டுக்காரர்கள் நாற்காலியை இழுத்து இழுத்து நகர்த்துகிறார்கள், ஆபீசில் ஒருத்தி தன் டப்பாவைத் திருப்பித் தரவே மாட்டேன் என்கிறாள், முடி கொட்டுகிறது. நடுநடுவே பாட்டில் அக்கா, "கேக்கல, திரும்பச் சொல்லு" என்றாள். மகள் திரும்பச் சொன்னாள். ஒரு தடவை சலித்துக்கொண்டு, "விடும்மா, அது ஒண்ணும் முக்கியமில்ல" என்றாள்.

"முக்கியமில்லாததையும் சொல்லு" என்றாள் பாட்டில் அக்கா. அந்த டப்பாக்காரியை இவளுக்கும் பிடிக்காமல் போய்விட்டது.

தொழிற்சாலையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அங்கே மெஷினைக் கழற்றி, திருகுமூடி போட்ட டப்பாவில் வைத்து, டப்பாவைச் சட்டைப் பைக்குள் போட்டு ஊக்கு குத்திவிடுவாள். விடுமுறை நாள் கூட்டங்களுக்கு இப்போதும் டிக்கெட்காரர் கூட வருகிறார். அவருக்கு அலுத்தால், "எனக்கு முடியல" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நிற்கிறார். அவள் கொஞ்ச நேரம் தானே சமாளிக்கிறாள். சில சமயம் அசட்டுத்தனமாக எதையாவது சொல்லி மாட்டிக்கொள்கிறாள். அப்போது எல்லோரும் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரிக்கிறாள்.

மூடியைக் கடைசியாகக் காட்டப் போனபோது டாக்டர் அதை எடை மேடையில் நிறுத்தினார். பழைய எடைக்குக் கிட்டத்தில் வந்திருந்தது. தொண்டையை அமுக்கிப் பார்த்தார். கேமராவில் பார்த்ததில் புண் ஆறிவிட்டது, லேசான தழும்பு மட்டும்தான் என்றார். இனிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டி உணவு கொடுக்கலாம், ஆனால் எலும்பு மட்டும் ஜென்மத்துக்கும் கூடாது.

"வேற எதையும் முழுங்கலையே?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் டிக்கெட்காரர்.

"எங்க இல்ல?" என்றாள் பாட்டில் அக்கா. "போன வாரம் குக்கர் விசிலோட ரப்பர் வளையத்த முழுங்கிடுச்சு டாக்டர். நேத்து காலையில வந்துடுச்சு. இவர்தான் குச்சியோட போய்த் தேடி எடுத்தார். கழுவி வச்சிருக்கார், அதைத் திரும்பக் குக்கர்ல மாட்டலாமான்னு வேற கேக்கறார்."

டாக்டர் சிரித்துவிட்டு, வேண்டாம், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். டிக்கெட்காரர் மூடியின் கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டினார். திரும்பும் வழியில் பாத்திரக் கடையில் நின்று ஒரு ரப்பர் வளையம் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.